நான் மடித்த பாராசூட்

நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடிய பிறகு, பாராசூட் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் இடம் கிடைத்தது. முதலில் தையல் மட்டும். பரீட்சை எழுதித் தேறியதும், சிறு விமானங்களில் பறப்பவர்கள் ஆபத்துக்கென்று முதுகில் கட்டிக்கொள்ளும் பாராசூட்டுகளை மடித்து அடைக்கவும் விட்டார்கள். பெரும்பாலானவை ஒருமுறையும் விரியாமலே தவணைச் சோதனைக்குத் திரும்பி வரும். பிரித்து, உதறி, மறுபடி மடிப்பேன்.

ஒரு கோடைக்காலத் திங்கட்கிழமை முதலாளி என் மேசைக்கு வந்தார். "நீங்கள் மடித்த ஒன்றை நேற்று ஒருவர் பாவித்திருக்கிறார்."

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"ஆள் நலம். கணுக்கால் மட்டும் சுளுக்கு" என்று அவர் சொல்லி முடிக்கும்போது நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவு பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

"அந்தாள் தப்பீட்டுதெல்லே, பேந்து ஏன் அழுறாய்?" என்றார் கணவர்.

"விரியாமல் விட்டிருந்தா எண்டு நினைச்சன்."

"விரிஞ்சிட்டுது. சாப்பிடு."

அடுத்த வாரம் அந்த மனிதர் ஊன்றுகோலுடன் பட்டறைக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். மனைவியும் கூட வந்திருந்தார். எனக்கு விளங்கவேண்டும் என்று அந்த மனிதர் பிரெஞ்சில் மெதுவாகப் பேசினார். அவர் ஓட்டிய கிளைடரில், அதாவது எஞ்சின் இல்லாத சிறு விமானத்தில், வானத்தில் வைத்து இன்னொரு கிளைடர் மோதி வால் முறிந்துவிட்டதாம். ஆனாலும் விட்டுக் குதிக்க மனம் வரவில்லையாம்.

"என் தாத்தா அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஊர்களுக்கு விமானத்தில் தபால் கொண்டுபோனவர். ஒருநாள் பனிமூட்டத்தில் எரிபொருள் தீர்ந்து குதித்தார். விமானம் தபால் பைகளோடு எரிந்துபோனது. யார் யாருடைய கடிதங்களோ என்று சாகும்வரை வருந்தினார். எனக்கு அவர் ஞாபகம் வந்தது. என்னிடம் யாருடைய கடிதமும் இல்லையே என்று தோன்றியது. குதித்தேன்."

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கடிதம் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவள் நான். அந்தத் தாத்தாவின் வருத்தம் எனக்கு விளங்கியது.

"எனக்கு வரவேண்டிய கடிதம் அந்தப் பையில் இருந்திருந்தாலும், அவர் குதித்தது சரி என்றுதான் சொல்வேன். கடிதத்தைத் திரும்ப எழுதலாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரிடம் இதை யாராவது சொல்லியிருக்கலாம்."

அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர் இனியும் பறக்கத்தான் போகிறார், சொன்னால் கேட்கமாட்டார். அடுத்ததையும் நீங்களே மடியுங்கள்."

மடிப்பேன் என்றேன். பிடித்த கையை அவர் உடனே விடவில்லை.