அவருக்காகப் படித்த மனு

பத்தாவது வரை படித்தவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைக்காமல், நாங்கள் இருவரும் சேர்ந்தே விவாகரத்து மனு போட்டோம். ஓசூர் கோர்ட் எதிரில் அதை டைப் செய்தவர், "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

என் கணவர் கன்னடப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. கம்பெனி நோட்டீஸ் என்றாலும் இத்தனை வருஷமாக நான்தான் படித்துச் சொல்வேன். இதையும் படித்தேன்.

"சத்தமா படி, கேக்கல."

இறந்துபோன எங்கள் மகளைப் பற்றிய வரி வந்தது. அதை விட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

முடித்ததும் அவர் பேனாவை எடுக்கவில்லை.

"பாப்பாவைப் பத்தி எழுதலையா?"

"எழுதியிருக்கு."

"எங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியையே வெகுநேரம் பார்த்துவிட்டு, கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கோர்ட்டில் மனுவைக் கொடுத்தோம். வாங்கி நம்பர் போட்டார்கள்.