தீவில் கிடக்கும் பீப்பா

அன்று சுவிஸில் ஓஸ்டர்முண்டிகன் வீட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம்: இறந்துபோன அண்ணையின் மனைவியான அக்கா, அவர்களுடைய மகள், ஓல்டனிலிருந்து ரயிலில் வந்த நண்பன், நான். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அண்ணையின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

மகள் ஓர் ஆங்கிலக் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னாள். ஸ்கொட்லாந்துத் தீவொன்றின் விஸ்கி வடிசாலை அனுப்பியது. பத்து வருடம் முடிகிறது, உங்கள் பீப்பா விஸ்கியைப் போத்தலில் அடைக்கவா, இன்னும் வைத்திருக்கவா என்று கேட்டிருந்தார்கள்.

"அப்பான்ரை பேர் மட்டும்தான் இருக்கு," என்றாள்.

அண்ணை, நண்பன், நான் மூவரும் சேர்ந்து வாங்கிய பீப்பா அது. ஒரு பெயர் மட்டும் இருப்பதற்குக் காரணம் நான்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கையெழுத்துப் போடும் இடத்தைக் கண்டாலே பேனாவைப் பக்கத்திலிருப்பவரிடம் தள்ளிவிடுவேன். வரிக்காரர் கேட்பார்களோ, வீட்டில் மனைவி கேட்பாளோ என்று நான் பின்வாங்க, நண்பனும் பின்வாங்கினான். அண்ணை தன் பெயரைப் போட்டார்.

பேர்ண் மருத்துவமனைச் சமையலறையில் மூவரும் ஒன்றாகச் சட்டி கழுவியவர்கள். புதிதாகத் தொடங்கிய வடிசாலையொன்று பீப்பா விற்கிறது என்று அண்ணைதான் கண்டுபிடித்தார். பத்து வருடம் காத்திருக்க வேண்டுமே என்று நான் இழுத்தேன்.

"விசாவுக்குப் பத்து வருசம் பொறுத்தனாங்கள். இதுக்குப் பொறுக்க ஏலாதோ?" என்றார்.

ரயிலும் கப்பலுமாகப் போனோம். புகை படிந்த பழைய கட்டடத்தை எதிர்பார்த்திருந்தேன். அங்கே கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர், பளபளக்கும் இரண்டு செப்புப் பானைகள், ஒரு கணினி. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். அங்கே வேலைசெய்யும் ஒரு பெண் அந்தப் பார்லியில் ஒரு பிடி எங்கள் கைகளில் போட்டாள்.

நண்பன் மோந்து பார்த்தான். "எங்கட ஆஸ்பத்திரி வார்டு மருந்து மாதிரி மணக்குது. இதுக்கோ ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிராங்க்?"

என் மகனுக்குப் பல்லுக்குக் கம்பி போட்ட மாதம் அது. என்னிடம் எண்ணூறுதான் இருந்தது. நண்பன் வெளியே புகைக்கப் போன நேரத்தில் மிச்சத்தை அண்ணை தன் கார்டில் கட்டினார்.

"போத்தல் வரேக்கை தா. ஒருத்தருக்கும் சொல்லாதை."

பிறகு இரண்டு தரம் காசோடு போனேன். வாங்கவில்லை. "என்ன அவசரம்? பீப்பா ஓடியோ போகுது?" என்றார். ஓடிப்போனவர் அவர்தான்.

அக்கா கடிதத்தை மடித்தார். "மூண்டு பேரும் சரிசமனாக் குடுத்தது எண்டு அவர் சொன்னவர். அப்ப மூண்டாப் பிரிக்கிறதுதான் நியாயம்."

என் சட்டைப் பைக்குள் உறையில் காசு இருந்தது. சொன்னால், விளக்கு எரிகிற வீட்டில் அவரைப் பொய்யராக்குவேன். சொல்லாவிட்டால் நான் கள்ளன். என் கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"அக்கா, நான் முழுக்கக் குடுக்கேல்லை," என்று எல்லாவற்றையும் சொன்னேன். உறையை மேசையில் வைத்தேன்.

நண்பன் வடையைக் கீழே வைத்தான். "பத்து வருசம் எனக்குமோ மறைச்சனீ?"

அக்கா படத்தைப் பார்த்தபடி கேட்டார். "எப்ப தரச் சொன்னவர்?"

"போத்தல் வரேக்கை."

மகளிடம் திரும்பினார். "திறக்காமல் வைச்சிருந்தா?"

"வருசா வருசம் கொஞ்சம் ஆவியாப் போகுமாம் அம்மா. ஆனா ருசி கூடுமாம்."

"அப்ப கிடக்கட்டும். அவர் போன உடனை திறக்க வேண்டாம்." அக்கா உறையை என் பக்கம் தள்ளினார். "அவர் சொன்ன நேரத்திலை தாரும், தம்பி."

"பீப்பா குறையும், உன்ரை கடன் குறையாது மச்சான்," என்றான் நண்பன். அக்கா என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக ஊற்றி வந்தார்.

உறை இப்போது வீட்டு அலுமாரியில், பாஸ்போர்ட்டுக்குக் கீழே இருக்கிறது. இடைக்கிடை எடுத்து எண்ணிப் பார்க்கிறேன். எழுநூறு பிராங்க்.