பிரஸ் ஷாப்பும் வாலிபால் வலையும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலதான் உக்காந்திருக்கும். சொந்த ஊர் பர்கூர் பக்கம். பெங்களூர் ரோட்டுல ஜூஜுவாடி கிட்ட வண்டி பாகம் செய்யற கம்பெனியில சேர்ந்தப்ப வயசு இருபத்தி மூணு. ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு வாக்குல, எங்க பிரஸ் ஷாப்புல என்கிட்ட அடி வாங்காதவன் ரொம்பக் கம்மி.

தகட்டை அழுத்தி வடிவாக்கற பிரஸ் வேலை அப்படி. தகட்டை உள்ள வைக்கணும், ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால ஒண்ணா அமுக்கணும். மேல இருந்து இரும்பு 'தொம்'முனு இறங்கும். எட்டு மணி நேரம் அந்தத் தொம் தொம்மு நெஞ்சுக்குள்ள குத்தும். வெளிய வந்தா எவன் மூஞ்சியப் பாத்தாலும் கை பரபரன்னு வரும். ஒருநாள் கேன்டீன் வரிசையில முந்தினவனை சாப்பாட்டுத் தட்டாலயே அடிச்சேன். புருவம் கிழிஞ்சு சாம்பார்ல ரத்தம் சொட்டுச்சு.

மேனேஜர் கூப்பிட்டாரு. தினம் பெங்களூர்ல இருந்து கார்ல வர்றவரு. "இன்னொரு தடவ கை நீட்டினா வீட்டுக்குப் போயிடு"ன்னாரு.

நானும் கத்தினேன். "ஒரு ஷிப்ட் அந்த மெஷின் முன்னாடி நின்னு பாருங்க சார். அப்புறம் நீங்களும் அடிப்பீங்க. நாளைக்கு நாங்க ஒருத்தனை ஒருத்தன் கொல்றதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணுங்க. ஒரு பந்தாவது குடுங்க."

மனுஷன் யோசிச்சாரு. கேன்டீன் பின்னாடி வாலிபால் வலை கட்டினாங்க. அன்னைய டார்கெட்டை எப்ப முடிச்சாலும், ஷிப்ட்ல மிச்ச நேரம் விளையாட்டுக்குன்னு பேச்சு. வாயாடறவனைப் பொறுப்புல போட்டா அடங்குவான்னு நெனச்சாரோ என்னவோ, என்னையே ஷிப்ட் இன்சார்ஜும் ஆக்கினாரு.

நெசமாவே அடங்கிட்டோம். அடிக்கிறதெல்லாம் பந்து மேல போச்சு. கன்னடக்காரன், தெலுங்குக்காரன், சேலத்துக்காரன் எல்லாம் ஒரே டீம். எனக்கு ஒரே பெருமை, நான்தானே கேட்டு வாங்கினேன்னு.

திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் என்கூட ஒரே ரூம்ல இருந்தான். மூச்சுக்கு மூச்சு "அண்ணே, அண்ணே"ம்பான். வலது கைய ஓங்கிப் பந்தை அடிச்சான்னா எதிர்ல இருக்கறவன் மூஞ்சிய மூடிக்குவான். அவன் இருந்தா நாங்க தோத்ததில்ல.

ஆசை யாரை விட்டுச்சு? சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் பந்து. ஒரு பட்டனை சைக்கிள் டியூப்பால இறுக்கிக் கட்டிட்டா அது அமுங்கியே கெடக்கும். இடது கை இன்னொரு பட்டனை அமுக்கும், வலது கை தகட்டை மாத்தும். வேலை பாதி நேரத்துல முடியும். கை உள்ள இருக்கறப்பவே இரும்பு இறங்கவும் வழி இருக்கு. அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையன் கட்டினான். நான் பாத்தேன். பல நாள் பாத்தேன். இன்சார்ஜ் நான், ஒரு அதட்டல் போதும். போடல.

பெயின்ட் ஷாப்போட மேட்ச் அன்னிக்கு. பதினொண்ணரை இருக்கும். தொம்முனு விழுந்த சத்தத்தோட இன்னொரு சத்தம் கேட்டுச்சு. அந்த மாதிரி மனுஷன் கத்தி நான் கேட்டதே இல்ல. ஓடிப் போய் மெஷினோட சக்கரத்தைக் கையால பின்னாடி சுத்தி இரும்பத் தூக்கினேன். அந்தப் பையனோட வலது கை விரலு நாலும் தகட்டோட தகடா ஒட்டிக் கெடந்துச்சு. பின்னாடி எவனோ, "அப்ப மேட்ச் இல்லியா?"ன்னான். திரும்பி அவன் வாயிலயே குத்தினேன். பல்லு தெறிச்சுது.

ஆஸ்பத்திரியில விரலு நாலையும் எடுத்துட்டாங்க. கட்டை விரல் மட்டும் மிச்சம்.

மறுநாள் மேனேஜர் பேப்பரை நீட்டினாரு. ஆபரேட்டர் யாருக்கும் தெரியாம பட்டனைக் கட்டினான்னு எழுதியிருந்துச்சு. "கையெழுத்துப் போடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"அவன் வேலை?"

"ரூல மீறினவனை எப்படி வெச்சுக்கறது?"

கைய இழந்தவனுக்கு வேற எவன் வேலை குடுப்பான்? ஊருல அவன் சம்பளத்தை நம்பி ஆத்தாளும் தங்கச்சியும். பேப்பரைக் கிழிச்சு மேசையிலயே விசிறினேன். அவரு சட்டைய நோக்கிப் போன கைய எப்படி அடக்கினேன்னு எனக்கே தெரியாது. வேற பேப்பர் வாங்கி எழுதினேன்: 'பட்டன் கட்டுனது எனக்குத் தெரியும். இன்சார்ஜ் நான். சீக்கிரம் விளையாடப் போகணும்னு தடுக்காம விட்டேன்.' அதை அவரு கிழிச்சுடுவாருன்னு ரெண்டு காப்பி எழுதி, ஒண்ணை யூனியன் ஆளுங்க கிட்ட குடுத்துட்டேன். யூனியன் பேசினதால என் வேலை தப்பிச்சுது, இன்சார்ஜ் பதவி போச்சு. அவனுக்கு ஸ்டோர்ல வேலைன்னு முடிவாச்சு. வலைய அவுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மெஷினை நிறுத்திப் பத்து நிமிஷம் உக்காரணும்னு ரூல் வந்துச்சு. அந்த அறிவு மொதல்லயே வந்திருக்கலாம்.

ரெண்டு மாசம் ஊருல இருந்துட்டு அவன் திரும்பி வந்தான். நான் எழுதினத யூனியன்ல படிச்சுக் காட்டியிருக்காங்க. நேரா என் மெஷின் கிட்ட வந்தான். நன்றி சொல்லுவான்னு எழுந்து நின்னேன், வெக்கங்கெட்டவன்.

இடது கையால விட்டான் பாருங்க ஒரு அறை, தகட்டுக் குவியல் மேல போய் விழுந்தேன். நெத்தி கிழிஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம். எழுந்திரிக்கல. யாரும் விலக்கவும் வரல.

"தெரிஞ்சுமாலே சும்மா இருந்த?" அண்ணேன்னு ஒரு வார்த்தை வரல. வாய் கோணி அழுதான். "ஊருல ஒருத்தன் விடாம அடிப்பியே. அன்னைக்கு என்னைய ஒரு அடி அடிச்சு நிறுத்தியிருக்கலாம்லா?"