பெரிய வெள்ளியன்று என் முழங்காலில் எரிந்த விளக்கு

தவக்காலத்தில் காலுக்குச் சுகம் தேடினேன் என்பதுதான் என்மேல் வந்த புகார்.

நான் ஓய்வுபெற்ற டீச்சர். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் தெருத்தெருவாகப் போகும் சிலுவைப்பாதையில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு நிலைகளையும் வாசிப்பவள். வாசிக்கிறவர் ஒவ்வொரு நிலையிலும் வெறுந்தரையில் முழங்கால் போட வேண்டும். துணி விரிக்கக் கூடாது, யாரையும் பிடித்து எழக் கூடாது. இருபது வருசம் அப்படித்தான் போட்டேன். அப்புறம் வலது முழங்கால் முரண்டு பிடித்தது. தேனி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பும் எலும்பும் உரசுகிறது என்றார்.

கோட்டயத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஒரு பட்டை அனுப்பினாள். முழங்காலைச் சுற்றிக் கட்டிப் பொத்தானை அமுக்கினால் ஒரு தரம் கீச்சென்று கத்தி, உள்ளே சிவப்பு விளக்குகள் எரியும், இதமாகச் சூடு ஏறும். இருபது நிமிடம் ஆனதும் மூன்று தரம் கத்திவிட்டுத் தானே அணைந்துவிடும்.

"தேஞ்ச எலும்பு இதுனால வளராதும்மா. எந்திரிக்க, ஒக்காரத் தோதா இருக்கும், அவ்வளவுதான். தைலம் கிய்லம் தேச்சுட்டு மேல கட்டிராத, கொப்புளிச்சுரும்" என்று போனில் சொன்னாள். எனக்கு அந்தத் தோதே போதும்.

தவக்காலத்து முதல் வெள்ளியன்று சேலைக்குள் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் நடக்கும் சிலுவைப்பாதைக்குப் போனேன். வெளிர் நிறத்தில் சேலை கட்டியது என் புத்திகெட்ட வேலை. முழங்கால் போட்டபோது சிவப்பு வெளியே தெரிந்துவிட்டது. பாட்டு முடிவதற்குள் செய்தி பெண்கள் சபைத் தலைவி காதுக்குப் போய்விட்டது. தலைவி வேறு யாருமில்லை, என் அண்ணன் மனைவி. கோயில் வாசலிலேயே என்னை மறித்தார்.

"ஏ ஆத்தா, நோவ ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற காலம் இது. மிசினக் கட்டிக்கிட்டு முழங்கால் போட்டா அது ஒறுத்தலா?"

"கண்ணாடி போட்டுத்தான மதினி வாசிக்கிறேன்? அதையும் கழட்டச் சொல்வீகளா?"

"கண்ணாடியும் இதுவும் ஒண்ணா?"

"கண்ணுக்கு ஒரு நியாயம், காலுக்கு ஒரு நியாயமா?"

மதினி நேராகப் பங்குச் சாமியாரிடம் போனார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி கொத்து வெட்டுகிற பெண்கள், தோளைப் பிடித்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. கிடைக்கிற சூட்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

சாமியார் சின்ன வயசுக்காரர், யார் மனமும் நோகாமல் பேசப் பார்க்கிறவர். "டீச்சரே வாசிக்கட்டும். ஆனா பெரிய வெள்ளியன்னைக்கு இதுனால சத்தமோ சங்கடமோ வந்துச்சுன்னா, வாசிக்கிற புத்தகத்தத் தலைவிகிட்டக் குடுத்துரணும்" என்றார். சரி என்றேன். அந்தப் புத்தகத்தை மதினியிடம் கொடுக்க எனக்குத் துளியும் மனமில்லை.

ஒரு திட்டம் போட்டேன். முதல் எட்டு நிலைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவது. ஒன்பதில், பாட்டு நடக்கும்போதே பொத்தானை அமுக்கினால் பதினான்கு வரை தாங்கும். மற்ற வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குள் அப்படித்தான் தாங்கியது. கடைசியில் அது கத்தினாலும் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போகும்.

பெரிய வெள்ளியன்று சிலுவையை அந்தந்தத் தெருக்காரர்கள்தான் தூக்க வேண்டும் என்பதை எப்படி மறந்தேனோ. பத்தாம் நிலைக்கு அப்புறம், தெருமுக்கில், எதுவரை யாருடைய தெரு என்று இரண்டு தெருக்காரர்களும் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். "எங்க எல்ல அங்கன வரைக்கும் இருக்கு" என்கிறார் ஒருவர். "இங்கனயே முடிஞ்சுபோச்சு" என்கிறார் இன்னொருவர். சாமியார் சமாதானம் பேசிச் சிலுவை கைமாறுவதற்குள் ஒன்பதில் அமுக்கிய பட்டையின் இருபது நிமிடமும் கரைந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நிலை. ஆண்டவர் உயிர்விடும் இடம். ஊரே தார்ரோட்டில் முழங்கால் போட்டு மௌனமாக இருந்தது. பெரிய வியாழன் இரவிலிருந்து எங்களுக்குக் கோயில் மணி கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மணியோசையே இல்லாத அந்த ஊரில், மூச்சுச் சத்தம் கேட்கும் அந்த மௌனத்தில், என் முழங்கால் கீச், கீச், கீச் என்று கத்தியது.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சாமியார் கண்ணைத் திறக்கவில்லை. நான் எழப் பார்த்தேன், முழங்கால் மடங்கினது மடங்கினபடியே நின்றது. 

மதினி எழுந்து வந்தார். குனிந்து, புத்தகத்துக்காகக் கையை நீட்டினார்.

"குடு ஆத்தா. போதும்" என்றார் மெல்ல.

புத்தகத்தை இடது கையில் மார்போடு அணைத்துக்கொண்டேன். வலது கையால் நீட்டின அந்தக் கையைப் பிடித்து, என் கனம் முழுவதையும் அதில் போட்டு எழுந்தேன். மதினி தடுமாறினார், உதறவில்லை. உதறியிருந்தால் ரோட்டில் விழுந்திருப்பேன்.

நின்றதும் அவர் கையை விட்டேன். ஊர் பார்க்க, சேலைக்கு மேலாகவே பொத்தானை மறுபடி அமுக்கினேன். அது இன்னொரு தரம் கத்தியது. பக்கத்தைத் திருப்பிப் பதின்மூன்றாம் நிலையை வாசிக்க ஆரம்பித்தேன்.