டப்பாவுக்குள் ஒரு கையுறை

ஐலி லெஹ்தோனென் இடது கைக் கையுறையைக் கழற்றினார். யாரும் பார்க்கவில்லை என்று தனக்குத் தானே முடிவு செய்துகொண்டு, அதைக் காபித் தூள் டப்பாவின் அடியில் போட்டு அமுக்கினார். கையுறை தடித்த கம்பளி, அவரே பின்னியது. டப்பாவோ பழைய தகரம். காய்ந்த பீன்ஸ் கொட்டை ஒன்று அதில் விழுந்தால் கனடாவின் தண்டர் பே நகர நூலகத்தின் கீழ்த்தள அறை முழுக்க 'டங்' என்று கேட்கும். கம்பளியின் மேல் விழுந்தால் கேட்காது.

செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு அங்கே கூடும் பேச்சுப் பயிற்சி மன்றத்தின் வழக்கம் இது: பேசுகிறவர் 'வந்து...' என்றோ 'ம்ம்...' என்றோ இழுத்தால், ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கொட்டை. ஒன்பது வருடமாக டப்பா ஐலியிடம்தான். பழைய ஆட்களிடம் அவருக்குத் தாட்சண்யமே கிடையாது. மன்றத் தலைவர் ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக் தானியக் கிடங்கில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்துக் குரலை வளர்த்துக்கொண்டவர். அவருக்கே ஒருமுறை தும்மலின் நடுவே கொட்டை விழுந்தது.

"ஐலி, அது தும்மல்!"

"தும்முறதுக்கு முன்னாடி 'ம்ம்'னீங்களே, அதுக்கு."

கையுறைச் சலுகை மன்றத்தில் முதல்முறை பேசுகிறவர்களுக்கு மட்டும்.

ஐலிக்கு ஐம்பத்தெட்டு வயது. நகராட்சியில் வேலை. பனிக்காலத்தில், செவ்வாய் விடுமுறை போக மற்ற நாட்களில், அதிகாலை நாலு மணியிலிருந்து சாலைப் பனியைத் தள்ளும் லாரிக்காரர்களுக்கு ரேடியோவில் வழி சொல்கிறார். "பதினாலாம் நம்பர் வண்டி, முன்னால ஒரு கார் நிக்குது, எடது பக்கம் ஒதுங்கிப் போ, மொதல்ல காபியக் கீழ வை." மருந்துக்குக்கூட ஒரு 'வந்து' இருக்காது. காபி குடிப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "உறிஞ்சுற சத்தம் கேக்குதுல்ல?" என்பார். ரேடியோப் பழக்கத்தில், பேக்கரியில்கூட "ரெண்டு பன்னு, ஓவர்" என்று சொல்லிவிட்டு அசடு வழிந்திருக்கிறார்.

ஆனால் எதிரே நாலு முகம் இருந்துவிட்டால் போதும், நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கணவர் ரைமோவை அடக்கம் செய்த அன்று சொல்வதற்காக மூன்று வரி எழுதி வைத்திருந்தார். எழுந்திருக்கவே முடியவில்லை. பாதிரியார் தாளை வாங்கிப் படித்தார். "நல்லாத்தான் படிச்சாரு. ஆனா ரைமோவப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?" என்று இன்றைக்கும் சொல்வார். அடுத்த வாரமே மன்றத்தில் சேர்ந்தார். டப்பா பிடிக்கிறவர் பேச வேண்டியதில்லை என்பதை அன்றே கண்டுபிடித்து, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது மகள் கிர்ஸிக்குக் கல்யாணம், இன்னும் பதினோரு நாளில். "விருந்துல அப்பாவுக்கும் சேத்து நீதான் எழுந்து பேசணும்மா. பேப்பர யார் கையிலயாவது குடுத்தே, பாத்துக்க" என்று போனிலேயே மிரட்டிவிட்டாள். ஆகவே இன்றைய பட்டியலில் முதல்முறைப் பேச்சுகள் இரண்டு. முன்னால் கோரி, பின்னால் ஐலி. பட்டியலைப் பார்த்ததிலிருந்து அவர் மூன்று தரம் தண்ணீர் குடித்துவிட்டார்.

கோரி போன மாதம் சேர்ந்தவன், முப்பது வயது வெல்டர். அறைக்குள்ளேயும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டான். "உள்ள என்னப்பா பொக்கிஷம்?" என்று ஓரெஸ்ட் கேட்டபோது காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எங்க நாய் வந்து... ம்ம்... அது வந்து... குரைக்காது" என்று தொடங்கினான். ஐலியின் கை ஓயவில்லை. ஓரெஸ்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன ஐலி, டப்பாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?"

"பேசுறவரப் பாருங்க ஓரெஸ்ட்."

ஏரியில் பனிக்கட்டி உடைந்து நாய் உள்ளே விழுந்ததையும், தான் வயிற்றால் ஊர்ந்துபோய்க் காதைப் பிடித்து இழுத்ததையும் சொல்லும்போது, கோரி இழுக்கவே மறந்துபோனான். பலத்த கைதட்டல்.

"எத்தனை?" என்றார் ஓரெஸ்ட்.

"ஆறு."

கோரிக்குத் தலைகால் புரியவில்லை.

டப்பாக்காரரே பேசினால், அவருக்கு முன்னால் பேசியவர் டப்பாவை வாங்கிக்கொள்ள வேண்டும். கோரி வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். கையுறையின் மேல் கொட்டை குவிந்து கிடந்தது.

"ஐலி, இருபத்தஞ்சுக்குக் கொறையாது போலயே!"

"எனக்குக் கண்ணு சரியில்லப்பா." கொட்டைகளை அவற்றின் துணிப்பையில் கொட்டி அவனிடம் நீட்டிவிட்டு, கையுறையை எடுத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டுமே."

"வேணாம். ஒம்போது வருஷமா ஊருக்கெல்லாம் டங்கு டங்குன்னு போட்டவ நான். எனக்கும் கேக்கட்டும்."

மேசை வரை பத்தடிகூட இருக்காது. ஓரெஸ்ட் கைகுலுக்கி வரவேற்றுவிட்டு நகர்ந்தார். தாளைப் பிரித்தபோதுதான், கையுறையைப் பழக்கதோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்திருப்பது ஐலிக்குத் தெரிந்தது. கழற்றத் தோன்றவில்லை. எதிரே பதினோரு முகங்கள். யாராவது காபி உறிஞ்சினால்கூடத் தேவலை போலிருந்தது, ஒருவரும் உறிஞ்சவில்லை. தாளை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கை நீளப் பார்த்தது. கிர்ஸி ஞாபகம் வந்து மடக்கிக்கொண்டார்.

"மெதுவா, ஐலி. நேரம் கெடக்கு" என்றார் ஓரெஸ்ட், தன் வழக்கமான குரலின் கால்வாசியில்.

அப்போது முதல் வரிசையில் கோரி தொப்பியைக் கழற்றினான். ஒரு மாதமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த வழுக்கை விளக்கொளியில் பளபளத்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. தொப்பியை டப்பாவின் அடியில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அமுக்கினான்.

ஐலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தாளை நிமிர்த்திப் பிடித்தார்.

"எம் பொண்ணு கிர்ஸி வந்து..."

கோரி ஒரு கொட்டையை எடுத்து டப்பாவில் போட்டான். அறையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.