ஹாம்ப்ஷயரில் சமையலறை, டோர்செட்டில் முட்டைக்கோஸ்

விளக்குப் பெட்டிக்குள் கிடக்கும் முட்டை அட்டைகளைத் திருப்பும்போது மெர்வின் ஸ்டிக்லண்ட் மூச்சை அடக்கிக்கொள்வார். வெளிச்சத்துக்கு வந்து விழுந்த அந்துப்பூச்சிகள் அந்தக் குழிகளில்தான் பதுங்கித் தூங்கும். பிடித்தவற்றைச் சின்ன டப்பாக்களில் அடைத்து, குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைப்பார். சில்லிட்டுப் போனால் படமெடுக்க அசையாமல் உட்காருமாம். "ஒருநாள் ரொட்டியில தடவித் தின்னுடப்போறேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்பது மனைவி பெரிலின் காலை வணக்கம்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன குளிர்காலத்தில்தான் இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டத்து உள்பகுதியிலிருந்து அதன் கிழக்கு விளிம்புக்குக் குடி மாறினார். காரணம், கடலோரம் ஹீதர் புதர் மண்டிய மணல்மேடுகள். அப்படிப்பட்ட மேடுகளில் மட்டுமே வாழும் ஒரு சாம்பல்நிற அந்துப்பூச்சி. பக்கத்து மாவட்டமான ஹாம்ப்ஷயரில் அது தாராளமாகத் திரிகிறது. எந்தப் பூச்சி எங்கே தென்பட்டது என்று குறிக்கும் டோர்செட் வரைபடத்திலோ அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. அந்த முதல் புள்ளி தன் பெயரில் விழ வேண்டும். வேறு ஆசை அவருக்கில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அது அட்டையில் இருந்தது. மாவட்டத்தின் பூச்சிக் கணக்குகளைச் சரிபார்க்கும் ரோசலிண்ட் ஃபட்ஜுக்குக் உடனே போன் செய்தார். பெட்டி எங்கே இருந்தது என்றாள் அவள். சமையலறைக் கதவோரம், வயர் அவ்வளவுதான் எட்டும் என்றார்.

இரண்டு மாவட்டங்களுக்கும் நடுவிலான எல்லையை அரசாங்கம் எப்போதோ மாற்றிவிட்டதாம். பூச்சிக் கணக்கெடுப்பவர்கள் மட்டும் விக்டோரியா ராணி காலத்து எல்லைக்கோட்டைக் கைவிடுவதில்லை. அந்தக் கோடு அவருடைய புல்தரையின் நடுவே போகிறதாம்.

"உங்க முட்டைக்கோஸ் டோர்செட்ல இருக்கு மெர்வின். சமையலறை ஹாம்ப்ஷயர்ல."

"அப்போ நான் வரி கட்டுறது?"

"டோர்செட்டுக்கு."

"தூங்குறது?"

"நீங்க அந்துப்பூச்சியா இருந்தா, ஹாம்ப்ஷயர்ல."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், அது எந்த ஊர் நாற்காலி என்பதுபோல அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "இதெல்லாம் அந்தப் பூச்சிக்குத் தெரியுமா?" என்றாள் பெரில். நீளமான வயர் வாங்கு என்று தான் அப்போதே சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள்.

மெர்வின் எழுந்தார். குளிர்பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தார். புல்தரையைக் கடந்து பாத்திக்குப் போய், முட்டைக்கோஸ் இலையொன்றின் மேல் மெதுவாகக் கவிழ்த்தார். குளிரில் விறைத்த பூச்சி அப்படியே உட்கார்ந்திருந்தது. மெர்வின் அதற்கு முதுகைக் காட்டி நின்று, கடல் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் சீட்டியடித்தார். பிறகு, புருவங்களை முன்கூட்டியே உயர்த்தி வைத்துக்கொண்டு, மெல்லத் திரும்பினார்.