சும்மா கிடந்த காடு

மலைமேல் வளப்பூர் நாட்டு அர்த்தனாரிக்கு முப்பத்தாறு வயதில் பலாமரத்திலிருந்து விழுந்து வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. அதன்பின் சரிவில் நின்று கொத்த முடியவில்லை. சமமான நிலம் கிடைத்தால் ஏர் பிடித்தாவது பிழைக்கலாம் என்று நினைத்தான். தன் பங்குக் காட்டை ஊரார் முன்னிலையில் தம்பி ராசுவுக்குக் கொடுத்து, ஒரு ஜோடி எருதை வாங்கிக்கொண்டு மனைவி அத்தாயியுடன் அடிவாரத்துக்கு இறங்கினான். பஞ்சம் தொடங்கிய தாது வருஷம் அது.

வறண்ட ஓடைக்கு அப்பால், காற்று குவித்த மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு நிலம் பத்து வருடமாகச் சும்மா கிடந்தது. யாரும் உரிமை கேட்கவில்லை. மலையில் ஒரு காட்டை இரண்டு மூன்று வருடம் விதைத்துவிட்டு, பலம் ஏறட்டும் என்று போட்டுவைப்பார்கள். பத்து வருடம் கிடந்த காடு என்றால் அண்ணன் தம்பிக்குள் அடிதடி நடக்கும். அர்த்தனாரி மேல்மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். அதற்குக் கீழே பார்க்கவில்லை.

முதல் வருடச் சாமை முழங்கால் உயரம் வந்து கருகியது. இரண்டாம் வருடம் நல்ல மழை. தண்ணீர் ஒரு முழம் மணலில் இறங்கி அங்கேயே நின்றது. பள்ளத்தில் தேங்கியது பத்து நாளாகியும் தெளியவில்லை. பால் கலந்த மாதிரியே இருந்தது. அடுத்த ஆடிக்காற்று உழுத மணலை வாரிப் போனபோது அடிக்களிமண் வெளியே வந்தது. கவிழ்த்துவைத்த கொட்டாங்குச்சிகள் போல வரிசையாகச் இறுகிய சாம்பல் நிறக் கட்டிகள். ஏரின் கொழு மழுங்கியது. விதைத்திருந்த ஆமணக்கில் ஒன்றைப் பிடுங்கினான். ஆணிவேர் ஒரு முழம் இறங்கி, பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தது.

மிளகு வாங்க மலைக்குப் போகும் யாக்கூப், மட்டக்குதிரையை நிறுத்தினார்.

“ஏனுங்க கவுண்டரே, துணி வெளுக்க உவர்மண்ணெடுக்கற காட்டுல ஆமணக்குப் போட்டிருக்கீங்களே.”

“பத்து வருசமாச் சும்மா கெடந்துச்சுங்க.”

“சும்மா கெடக்கலீங்க. மூணு பேரு உழுது பாத்துட்டு வுட்டுட்டுப் போனாங்க.”

அத்தாயி ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டாள். வழவழவென்று கரைந்தது. பானை தேய்க்க ஆகும் என்றாள்.

எருதுகளை ஓட்டிக்கொண்டு மலையேற இரண்டு நாள் ஆயிற்று. கொடுத்ததை அர்த்தனாரி திருப்பிக் கேட்கவில்லை. ராசுதான் பேசினான்.

“கீழ்க்காடு விதைச்சாச்சு. மேக்கால சரிவு கெடக்குது. ஆனா உன்னால நிக்க முடியாதேண்ணா.”

“உக்காந்து கொத்தறேன்.”

அப்படித்தான் கொத்தினான். சரிவின் அடியில் தொடங்கி, காலை நீட்டி, ஒரு கையை ஊன்றி உடம்பை மேலே தள்ளித் தள்ளி. அத்தாயி அவன் கொத்திய இடத்தில் விதைத்துக்கொண்டே வருவாள். மேல்வரப்புக்குப் போய்ச் சேர ஒவ்வொரு வருடமும் பதினோரு நாள், பன்னிரண்டு நாள் ஆகும். சேர்ந்ததும் அங்கேயே படுத்துத் தூங்கிவிடுவான்.